கரை, மடை, கலிங்கு: தஜிகிஸ்தான் ஏரிகளைப் பார்க்கும் விதம்

ஏரிப் பாசனம் தெரிந்தவர்கள் புது ஏரி ஒன்றுக்குப் போனால் தண்ணீரை அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கரைமேல் ஏறி ஒரு நடை நடப்பார்கள். கரை எதனால் ஆனது, தண்ணீர் திறந்துவிடும் மடை எங்கே இருக்கிறது, வெள்ளம் வந்தால் வழிய கலிங்கு உண்டா என்று பார்ப்பார்கள். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் ஏரியின் ஜாதகம் கைக்கு வந்த மாதிரி. தஜிகிஸ்தான் ஏரிகளைப் பற்றி இணையத்தில் கிடைப்பவற்றில் பாதி நீலத் தண்ணீர் படங்கள். மீதி 'உலகமே அடித்துக்கொண்டு போகப் போகிறது' ரகக் கட்டுரைகள். இரண்டிலும் கரையும் இல்லை, மடையும் இல்லை, கலிங்கும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் கிடையாது. ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், சீனா ஆகிய நான்கும் சுற்றி நிற்கின்றன. நிலத்தில் 93 சதவீதம் மலை. கிழக்கே பாமிர், மேற்கே ஃபான் மலைகள். சிறிதும் பெரிதுமாக ஏரிகள் ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை 3,000 மீட்டருக்கு மேலே கிடக்கின்றன. பெயர்களின் கடைசியில் வரும் 'குல்' என்ற துருக்கிய மொழிச் சொல்லுக்கு ஏரி என்று பொருள். நம் குளத்தோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று யாரும் புதுச் சொல்லாராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம்.

இந்த மலைகளில் முதல் அணை கான்ட்ராக்டர் நிலநடுக்கம்தான். இந்தியத் தட்டு தெற்கிலிருந்து முட்டிக்கொண்டே இருப்பதால் பாமிர் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆறுகள் சளைக்காமல் கீழே அறுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் எங்கு பார்த்தாலும் செங்குத்தான சரிவு, குறுகலான பள்ளத்தாக்கு. ஒரு குலுக்கலில் சரிவு பெயர்ந்தால் பள்ளத்தாக்கின் அகலம் முழுவதையும் அடைத்து, எதிர்ச்சரிவிலும் கொஞ்சம் ஏறி உட்கார்ந்துவிடும். ஆறு நின்றுபோகும், பின்னால் தண்ணீர் ஏறும்.

இப்படி உண்டாகும் கரைகளில் பெரும்பாலானவை நிலைப்பதில்லை. உலகெங்கும் பதிவானவற்றைத் தொகுத்துப் பார்த்ததில் ஏறத்தாழப் பாதி பத்து நாளுக்குள் உடைந்திருக்கின்றன. ஓராண்டைத் தாண்டியவை சொற்பம். கலிங்கு இல்லாத கரைக்கு வேறு என்ன கதி? தண்ணீர் உச்சிக்கு வந்ததும் மிகத் தாழ்ந்த இடத்தில் வழியத் தொடங்கும். இறுகாத கற்குவியலை அரிக்கும். அரித்த தடம் அகலமாகும், அகலமானதால் இன்னும் அதிகம் பாயும், அதிகம் பாய்வதால் இன்னும் அரிக்கும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிழைத்து நிற்கும் ஏரிகளுக்கு ஏதோ ஒரு தனிக் காரணம் இருக்கும். கரை மிக அகலமாக இருக்கலாம். வழியும் இடத்தில் வீடு அளவுப் பாறைகள் கிடந்து தளம் போட்டதுபோல் ஆகியிருக்கலாம். அல்லது தண்ணீர் உச்சியை எட்டும் முன்பே கரையின் வயிற்றுக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறிக்கொண்டிருக்கலாம். சாரெஸ் இந்தக் கடைசி ரகம்.

சாரெஸ்

1911 பிப்ரவரி 18 இரவு நிலநடுக்கம். முர்காப் ஆற்றின் வலப்பக்க மலையிலிருந்து ஏறத்தாழ 2.2 கன கிலோமீட்டர் பாறையும் மண்ணும் பெயர்ந்து ஆற்றின் குறுக்கே விழுந்தன. உசோய் என்ற கிராமம் அடியில் போனது. கரைக்கு அந்தப் பெயர். ஆறு தேங்கித் தேங்கி அதே ஆண்டில் மேலே இருந்த சாரெஸ் கிராமத்தை முழுக்கியது. ஏரிக்கு இந்தப் பெயர்.

உசோய் கரையின் உயரம் 567 மீட்டர். மனிதன் கட்டிய எந்த அணையும் இதன் பக்கத்தில் வராது. ஏரியின் நீளம் 60 கிலோமீட்டரை ஒட்டி, அதிகபட்ச ஆழம் 500 மீட்டரை ஒட்டி, நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,260 மீட்டரில். தேங்கியிருப்பது 16 முதல் 17 கன கிலோமீட்டர். டி.எம்.சி. கணக்கில் பழகியவர்கள் 35.3ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: 565 முதல் 600 டி.எம்.சி. வரை. கரைக்குப் பக்கத்திலேயே, சரிவு ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் வாயையும் அடைத்ததில் ஷாதாவ் என்று ஒரு சிறு ஏரி தனியாக உண்டானது.

இதற்கு மடை கிடையாது, கலிங்கு கிடையாது. பிறகு எப்படி நூறாண்டுக்கு மேல் நிற்கிறது? விழுந்த குவியல் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இல்லை. அடியில் நசுங்கி இறுகிய பொடி அதிகம். மேலே போகப் போக பெரும்பாறைகளும் அவற்றுக்கிடையே இடுக்குகளும். தண்ணீர் ஏறி அந்த இடுக்குகள் உள்ள மட்டத்தைத் தொட்டதும், 1914இல், கரையின் கீழ்ப்புறத்தில் ஊற்றுகள் கிளம்பின. அன்று தொடங்கிய கசிவுதான் இன்றைக்கு பார்த்தாங் ஆறாக ஓடுகிறது. சராசரியாக விநாடிக்கு 45 கன மீட்டர், அதாவது 1,600 கன அடி அளவு. மட்டம் ஏறினால் தண்ணீருக்குக் கூடுதல் அழுத்தம், கூடுதல் இடுக்கு, கூடுதல் கசிவு. மட்டம் இறங்கினால் கசிவும் குறையும். கோடையில் பனி உருகி வரத்து பெருகும்போது ஏரி சில மீட்டர் ஏறுகிறது, குளிர்காலத்தில் இறங்குகிறது. ஆள் வைக்காமலே தன்னைத்தானே திருகிக்கொள்ளும் மடை என்று சொல்லலாம். கரையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் இன்னும் ஏறத்தாழ 50 மீட்டர் மிச்சம் இருக்கிறது.

கெடுவதானால் எப்படிக் கெடும்? தண்ணீரின் தள்ளுவிசை கரையை மொத்தமாக நகர்த்திவிடும் என்ற பயம் வீண். கரையின் எடையும் ஆற்றுப்போக்கில் அதன் அகலமும் அதற்கு இடம் கொடுக்காது. இரண்டாவது வழி உள்ளரிப்பு. கசியும் தண்ணீர் நுண்மண்ணை இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினால் உள்ளே குழாய்போல ஒரு பாதை விழும், அது வளரும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: ஊற்று தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா? நம் ஏரிக்கரை விஷயத்திலும் இதே விதிதான். தெளிந்த கசிவைக் கண்டு யாரும் பதற வேண்டாம். சேறு கலந்து வந்தால் அன்றிரவு கரையில் படுக்க வேண்டும். மூன்றாவது வழிதான் நிபுணர்கள் உண்மையில் கவலைப்படுவது. ஏரியின் வலக்கரையில், ஆற்றுப்போக்கில் உசோய் கரைக்கு முன்னால், பெரிய சரிவு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அது மொத்தமாக ஒரே வேகத்தில் ஏரிக்குள் விழுந்தால் எழும் அலை அந்த 50 மீட்டரைத் தாண்டி வழியலாம். வழிந்த தண்ணீர் கரையை எவ்வளவு அரிக்கும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. சரிவு துண்டு துண்டாக விழுந்தால் அலை சிறுத்துவிடும்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு உலக வங்கி, சுவிட்சர்லாந்து அரசு, அமெரிக்க உதவி நிறுவனம், ஆகா கான் அமைப்பு ஆகியவை சேர்ந்து இங்கே கண்காணிப்பும் எச்சரிக்கையும் செய்யும் ஓர் ஏற்பாட்டை அமைத்தன. ஏரியின் மட்டம், நிலம் குலுங்கும் அளவு, கீழே ஆற்றில் ஓட்டம் திடீரென்று கூடுகிறதா குறைகிறதா என்பதைக் கருவிகள் அளக்கின்றன. செய்தி செயற்கைக்கோள் வழியாகத் தலைநகர் துஷன்பேவுக்கும் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கும் போகும். கரைக்கு அடுத்து வரும் முதல் ஊர் பர்சிதேவ். அங்கிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு ஊருக்கும் மேட்டில் ஒதுங்கும் இடம் குறித்து, சாமான் சேர்த்து, ஒத்திகையும் பார்த்தார்கள். நிரந்தரத் தீர்வு மட்டத்தை இறக்குவது. அதற்குச் சுரங்கம் குடைய வேண்டும். ஒழுங்கான சாலையே இல்லாத பள்ளத்தாக்குக்குள் இயந்திரம் கொண்டுபோகும் செலவிலேயே திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

என் கணிப்பு இது: சாரெஸ் பற்றிய பயத்தில் அளவு சரி, அவசரம் தவறு. உடைந்தால் பார்த்தாங், பாஞ்ச், ஆமு தாரியா என்று வெள்ளம் நான்கு நாட்டைத் தொடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் ஏரித் தண்ணீர் மக்களைக் கொன்ற கதை வேறு இடத்தில் இருக்கிறது. கடைசியில் வருகிறேன். (சாரெஸுக்குப் போக நினைப்பவர்களுக்கு: பாமிர் பகுதி அனுமதிச் சீட்டு மட்டும் போதாது, ஏரிக்கென்று தனி அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும்.)

மேற்கே இருக்கும் சாதுவான ஏரிகள்

ஃபான் மலைகளில் உள்ளவை சுற்றுலாக்காரர்களின் ஏரிகள். துஷன்பேயிலிருந்து வடக்கே அன்சோப் சுரங்கப்பாதையைத் தாண்டிப் போனால் இஸ்கந்தர்குல். 2,195 மீட்டர் உயரம், 3.4 சதுர கிலோமீட்டர், ஆழம் 72 மீட்டர். இஸ்கந்தர் என்றால் அலெக்சாந்தர். அவர் குதிரை இதில் மூழ்கியது, பௌர்ணமி இரவில் எழுந்து வந்து மேய்கிறது என்று கதை. இதுவும் மலைச்சரிவு தடுத்த ஏரிதான். ஆனால் இதன் கரையில் ஆறு தனக்கென்று ஒரு வாயை அறுத்து, கெட்டித் தளத்தைத் தொட்டு நின்றுவிட்டது. சுற்றுச் சரிவுகளில் பழைய நீர்மட்டத்தின் கோடுகள் மேலே தெரிவதைப் பார்த்தால், ஒரு காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பது புரியும். இயற்கையே கலிங்கு வெட்டிக்கொண்ட ஏரி என்பதால் பயமில்லை. வாய்க்குக் கொஞ்சம் கீழே ஆறு ஒரு பிளவுக்குள் நாற்பது மீட்டர் அளவுக்கு விழுகிறது.

பெஞ்சிகென்ட் பக்கம் ஹஃப்ட் குல், அதாவது ஏழு ஏரி. ஒரே ஆற்றில் 1,640 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர்வரை படிக்கட்டு வைத்ததுபோல் ஏழு. மிஜ்கோன் (இமைமயிர்), சோயா (நிழல்), ஹுஷ்யோர் (விழிப்பு), நோஃபின் (தொப்புள்), ஹுர்தக் (குட்டி), மர்குசோர், ஹசோர்சஷ்மா (ஆயிரம் ஊற்று). ஆறாவதான மர்குசோர்தான் பெரியது. நிறம் ஏன் ஏரிக்கு ஏரி மாறுகிறது என்று கேட்பார்கள். மேல் ஏரி வண்டலைப் பிடித்துக்கொள்கிறது; கீழே வரும் தண்ணீரில் மிதக்கும் பொடி ஒவ்வொரு படியிலும் குறைகிறது; அதோடு ஆழமும் வெயிலின் கோணமும் சேர்கின்றன. தொடர் ஏரிகளில் கீழே இருப்பவை மேலே இருப்பவற்றின் புண்ணியத்தில் வாழ்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நுரெக் அணை பற்றி வரும்போது வேண்டியிருக்கும்.

பாதி இயற்கை, பாதி மதகு

பாமிரில் 3,734 மீட்டரில் இருக்கும் யாஷில்குல் எனக்குப் பிடித்த உதாரணம். கரை மலைச்சரிவு போட்டது. மதகு மனிதன் வைத்தது. இங்கிருந்து புறப்படும் குன்ட் ஆறு கீழே ஹோரோக் நகரத்துக்குப் பக்கத்தில் பாமிர்-1 என்ற 28 மெகாவாட் மின்நிலையத்தை ஓட்டுகிறது. குளிர்காலத்தில் ஆறு வற்றிப்போகும். மின்சாரம் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான். 2002இல் பாமிர் எனர்ஜி நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு மின்நிலையத்தை விரிவாக்கியதோடு ஏரியின் வாயில் ஒழுங்குபடுத்தும் அமைப்பையும் சீர்செய்தார்கள். கோடையில் அடைத்து, பனிக்காலத்தில் திறப்பது.

பெரிய அணை எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏரியின் பரப்பு சுமார் 36 சதுர கிலோமீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் மட்டம் என்பது 3.6 கோடி கன மீட்டர் தண்ணீர். அதை ஐந்து மாதத்துக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 2.8 கன மீட்டர். இரண்டு மூன்று மீட்டர் அடைத்து வைத்தாலே ஒரு மலைமாவட்டத்தின் குளிர்கால விளக்குகளுக்கு அது பெரிய உதவி. பரந்த இயற்கை ஏரியின் வாயில் சிறு கதவு வைப்பதுபோல் மலிவான தேக்கம் வேறு இல்லை. ஆனால் கரை மலைச்சரிவுக் குவியல் என்பதை மறந்து மட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால், நூற்றாண்டுகளாகத் தண்ணீர் படாத மேல்பகுதிக்குள் புதுக் கசிவு தொடங்கும். அதனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கதவின் உயரத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. கரையின் கசிவை அளந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

நுரெக்

இப்போது மனிதன் கட்டியதற்கு வருவோம். வக்ஷ் ஆற்றில் 1961இல் வேலை தொடங்கி, 1972இல் முதல் மின்இயந்திரம் ஓடி, 1980இல் அணை முடிந்தது. உயரம் 300 மீட்டர். சீனாவின் ஜின்பிங் வரும்வரை உலகத்தில் மனிதன் கட்டிய மிக உயரமான அணை இதுதான். கான்கிரீட் சுவர் என்று நினைக்க வேண்டாம்; மண்ணும் கல்லும் கொட்டிய அணை. நடுவில் களிமண் கலந்த நீர்புகா நெஞ்சு. அதன் இருபுறமும் மணல், சரளை என்று படிப்படியாகப் பருக்கும் வடிப்பு அடுக்குகள். வெளியே இரண்டு பக்கமும் ஆற்றுக்கூழாங்கல்லும் பாறையும் தோள் கொடுக்கின்றன. நிலநடுக்கப் பூமியில் இந்த வடிவத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. குலுங்கினால் மண் கொஞ்சம் அமர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். நெஞ்சில் விரிசல் விழுந்தாலும் வடிப்பு அடுக்கின் மணல் நுண்மண்ணை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சாரெஸில் தற்செயலாக அமைந்ததை இங்கே கணக்குப்போட்டு அமைத்திருக்கிறார்கள். கொட்டிய மொத்தப் பொருள் 5 கோடி கன மீட்டருக்கு மேல். உசோயில் ஓர் இரவில் விழுந்தது இதைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு.

கொள்ளளவு 10.5 கன கிலோமீட்டர், அதாவது 370 டி.எம்.சி. ஆனால் இதில் பயன்படுவது 4.5 கன கிலோமீட்டர்தான். நிரம்பிய மட்டம் கடல்மட்டத்திலிருந்து 910 மீட்டர். 857 மீட்டருக்குக் கீழே இறக்குவதில்லை. அந்த 53 மீட்டருக்குள்தான் நாட்டின் ஆண்டுக் கணக்கு முழுவதும். பனியும் பனியாறும் உருகும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை வக்ஷ் பெருக்கெடுக்கும்; கோடை முடிவுக்குள் நீர்த்தேக்கத்தை 910க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு மெல்ல மெல்ல இறக்கி, வசந்தத்தில் அடுத்த உருகல் தொடங்கும்வரை இழுக்க வேண்டும். ஜனவரியில் குளிர் கடுமையாகித் திட்டமிட்டதற்கு மேல் இழுத்துவிட்டால் மார்ச்சில் மட்டம் தரையைத் தட்டும், கிராமங்களுக்கு மின்சாரம் மணிக்கணக்கில் வெட்டப்படும். கோடையிலோ இதற்கு நேர்மாறு, மின்சாரம் மிஞ்சும். சோவியத் ஒன்றியம் இருந்த 1991 வரை மாஸ்கோ ஒரே பேரேட்டில் கணக்கு வைத்திருந்தது: மலைநாடு கோடையில் பருத்திக்குத் தண்ணீர் விடும், சமவெளிக் குடியரசுகள் குளிர்காலத்தில் எரிபொருள் கொடுக்கும். பேரேடு கிழிந்ததும் இரண்டு பக்கமும் தங்களிடம் இருப்பதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்கள். (நீர்த்தேக்கத்திலிருந்து தங்காரா புல்வெளிக்கு 14 கிலோமீட்டர் சுரங்கம் வழியே பாசனத் தண்ணீரும் போகிறது, உள்நாட்டு விவசாயத்துக்கு அது தனி மடை.)

நுரெக் நிரம்பியபோது நடந்த ஒன்று உலகெங்கும் அணைக்காரர்களுக்குப் பாடமாயிற்று. 1972இல் நீர்மட்டம் முதன்முறையாக 100 மீட்டர் அளவுக்கு ஏறியபோது சுற்றுவட்டாரத்தில் சிறு நிலநடுக்கங்கள் கூடின. 1976இல் அடுத்த பெரிய ஏற்றத்தின்போதும் அப்படியே. தண்ணீரின் எடை பாறையை அழுத்துகிறது, இடுக்குகளில் புகும் தண்ணீர் பிளவுகளை வழுக்கலாக்குகிறது. பதிவுகளைப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் நுணுக்கமானது. மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த வேகத்தைச் சட்டென்று குறைத்த நாட்களை ஒட்டி நடுக்கங்கள் அதிகம். எடை கூடுவது நின்றுவிடுகிறது, ஆனால் உள்ளே புகுந்த தண்ணீரின் அழுத்தம் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. பிடி தளர்ந்து பாறை வழுக்குகிறது. ஆகவே நீர்த்தேக்கத்தை நிரப்புவதானால் சீராக நிரப்பு, திடுக்கென்று பிரேக் போடாதே.

இன்னொரு நோய் வண்டல். வக்ஷ் கலங்கிய ஆறு. நீர்த்தேக்கத்தின் தலைப்பில், ஓட்டம் தளரும் இடத்தில், கூழாங்கல்லும் மணலும் முதலில் விழுந்து ஒரு திட்டு உண்டாகும். நுண்களி அடியோடு அடியாக ஊர்ந்து அணை வரைக்கும் போகும். ஆழத்தில் படிவது பயன்படாத பகுதியைத்தானே தின்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. தலைப்பில் படியும் திட்டு பயன்படும் பகுதிக்குள்ளேயே வளர்கிறது. மட்டம் இறங்கும்போது ஆறு அந்தத் திட்டை அறுத்து அணையை நோக்கி இன்னும் தள்ளிக்கொண்டு வரும். இதற்கு இருக்கும் ஒரே பெரிய மருந்து, மேலே இன்னோர் ஏரி. ஹஃப்ட் குல் சொன்ன அதே விஷயம்.

அந்த இன்னோர் ஏரிதான் ரோகுன். 1976இல் தொடங்கியது. 1993 மே வெள்ளத்தில் ஆற்றைத் திருப்பிவிடும் சுரங்கம் அடைபட்டு, ஆற்றைத் தடுத்த தற்காலிக அணை அடித்துச் செல்லப்பட்டது. 2016 அக்டோபர் 29 அன்று ஆற்றை மறுபடி திருப்பினார்கள். 2018 நவம்பரில் முதல் இயந்திரம், அடுத்த ஆண்டு இரண்டாவது. முடிந்தால் உயரம் 335 மீட்டர், கொள்ளளவு 13.3 கன கிலோமீட்டர். இதில் எனக்கு அரசியலைவிட சுவாரசியமானது அடித்தளத்தில் இருக்கும் உப்பு. அணைப்பகுதி வழியாகப் போகும் ஒரு பிளவில் பாறையுப்பு ஆப்புபோலச் செருகியிருக்கிறது. மேலே தண்ணீர் நின்றால் அழுத்த வேறுபாட்டில் நன்னீர் உப்பின் ஓரமாக ஓடும், உப்பு கரையும், அடியில் பொந்து விழும். வைத்தியம் இரண்டு பாகம்: உப்பைச் சுற்றிச் சிமெண்டுக் குழம்பு செலுத்தித் திரை போடுவது, உப்பின் இருபுறமும் அழுத்தம் சமமாக இருக்கும்படி தண்ணீர் செலுத்தி ஓட்டமே இல்லாமல் செய்வது. ஓடாத தண்ணீரில் உப்பு கரைந்து கொஞ்ச நேரத்தில் தெவிட்டிவிடும், அதற்கு மேல் கரையாது. இது அணை இருக்கும் காலம் வரைக்கும் நிறுத்தாமல் செய்ய வேண்டிய வேலை.

நுரெக்கின் கீழே பைபாசா, சங்துதா போன்ற சிறு தேக்கங்கள் வரிசையாக உண்டு. 2002இல் பைபாசாவுக்குச் சற்றுக் கீழே மலைச்சரிவு விழுந்து ஆற்றைப் பாதி அடைத்தது. மின்நிலையத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் வெளியேறும் மட்டம் உயரும், விழும் உயரம் குறையும், மின்சாரம் குறையும். இன்னும் ஏறினால் நிலையமே மூழ்கும். அணைக்கு ஆபத்து எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வடக்கே சிர் தாரியா ஆற்றில் இருக்கும் 'கைராக்கும்' நீர்த்தேக்கம் வேறு ஜாதி. 1956இல் கட்டியது, அணை 32 மீட்டர், பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல், கொள்ளளவு 4.16 கன கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: சராசரி ஆழம் 8 மீட்டர். நுரெக்கில் அதே கணக்கு 100 மீட்டரைத் தாண்டும். கைராக்கும் ஓர் அகன்ற தாம்பாளம். வெயிலில் ஆவி போகும், காற்றில் அலை எழுந்து மண்கரையை அரிக்கும், மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஓரத்தில் சேறு வெகுதூரம் தெரியும். கடல் இல்லாத நாடு இதற்கு 'தாஜிக் கடல்' என்று பெயர் வைத்திருப்பதில் ஒரு ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது.

கராகுலைச் சொல்லாமல் விட முடியாது. பாமிர் நெடுஞ்சாலை ஓரத்தில், 3,900 மீட்டருக்கு மேலே, 380 சதுர கிலோமீட்டர் உப்பேரி. விண்கல் விழுந்து உண்டான 52 கிலோமீட்டர் வட்டக் குழிக்குள் கிடக்கிறது. மேற்குப் பாதி 200 மீட்டருக்கு மேல் ஆழம், கிழக்குப் பாதி மிகக் குறைவு. இதற்குக் கரையும் வேண்டாம், கலிங்கும் வேண்டாம். வந்த தண்ணீர் வெளியே போக வழியே இல்லை. வெயிலும் காற்றும் குடித்துவிடுகின்றன, உப்பு தங்குகிறது. ஓரங்களில் வெள்ளையாகக் காய்ந்து தெரியும் பொருக்குமேல் வண்டியை விட வேண்டாம், அடியில் சேறு.

கொல்லும் ஏரிகள்

2002 ஆகஸ்டு 7. தென்மேற்குப் பாமிரில், ரோஷ்ட்கலா மாவட்டத்தின் தஷ்ட் கிராமம். மேலே பனியாற்றின் முகப்பில் இருந்த ஒரு சிறு ஏரி வெடித்துச் சேறும் பாறையுமாக ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் இறங்கி ஊரைப் புதைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏரியில் இருந்தது சில லட்சம் கன மீட்டர்தான். சாரெஸோடு ஒப்பிட்டால் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் புரட்டியபோது, அந்த ஏரிக்கு வயது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை என்று தெரிந்தது. பெயர் கிடையாது, வரைபடத்தில் கிடையாது, கருவி கிடையாது.

இந்த ரக ஏரியின் கரை, பனியாறு தள்ளிக் குவித்த கல்மண். அதற்குள் பனிக்கட்டி புதைந்திருக்கும். கோடையில் அது உருகினால் உள்ளே சுரங்கம் திறக்கும், ஏரி ஒரே மூச்சில் காலியாகும். வருகிற வழியில் தளர்ந்த மண்ணையெல்லாம் வாரிக்கொள்வதால் கீழே போய்ச் சேர்வது புறப்பட்ட தண்ணீரைவிடப் பலமடங்கு. ஊர் எங்கே இருக்கிறது பாருங்கள். கிளை ஓடை பெரிய பள்ளத்தாக்கில் வந்து விழும் வாயில், விசிறிபோல் விரிந்த மேட்டில். பாமிரில் உழுவதற்குத் தட்டையான மண் அங்கே மட்டும்தான் இருக்கிறது. அந்த விசிறி எப்படி உண்டானது? முன்பு வந்த சேற்று வெள்ளங்கள் கொட்டிப்போனது. 2015 ஜூலையில் குன்ட் ஆற்றங்கரையில் பர்செம் ஊரில் இதேபோல் கிளை ஓடையில் இறங்கிய சேறு ஆற்றையே அடைத்தது. மேலே தேங்கிய தண்ணீரில் வீடுகளும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் மூழ்கின. மறுபடியும் ஒரு கலிங்கில்லாத ஏரி.

கருவி இல்லாத பள்ளத்தாக்கில் கண்ணும் காதும்தான். நல்ல வெயில் நாளில், பிற்பகலில் ஓடை பெருக வேண்டிய நேரத்தில், தண்ணீர் திடீரென்று சுருங்கினால் மேலே ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள். மழையே இல்லாமல் தண்ணீர் பழுப்பேறினாலும், அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலும் அப்படியே. அப்போது ஓடைவழியே கீழ்நோக்கி ஓடக் கூடாது, சேறு ஓடுபவனைவிட வேகம். பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகலாம் என்று பார்க்கவும் கூடாது. முதலில் போவது பாலம்தான். பக்கவாட்டில், விசிறி முடிந்து பாறைச்சரிவு தொடங்கும் இடம்வரை ஏற வேண்டும். முதல் அலை போனதும் இறங்கிவரவும் கூடாது. அடைப்பு பாதி உடைந்து நின்றிருந்தால் இரண்டாவது அலையும் வரும்.